வீடு ஏலம் போனபின் வரும் தபால்கள்

2023 ஆகஸ்டில் எங்கள் வீடு ஏலத்தில் போனது. கோயம்புத்தூர் சின்னவேடம்பட்டிப் பக்கம் ரெண்டே முக்கால் சென்ட், மேலே ஒரு ரூம், முன்னால் ஒரு முருங்கை மரம். லேத் பட்டறைக்கு மெஷின் வாங்க 2017இல் ஒரு வீட்டுக்கடன் கம்பெனியில் வீட்டை அடமானம் வைத்து 32 லட்சம் வாங்கினேன். கொரோனாவில் ஆர்டர் நின்றது, 2021இலிருந்து தவணை நின்றது, மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏலம் முடிந்த அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். வீடு போச்சு, கடனும் போச்சு என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் தபால் வந்தது. வீடு 38,20,000க்குப் போயிருக்கிறது, உங்கள் பாக்கி 41,78,000, ஆகவே குறைவான 3,58,000 ரூபாயை 15 நாளில் கட்டவும். அந்தக் கடிதத்திலிருந்து ஒரு வருடம் போல நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். ஏலத்தைத் தடுப்பது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏலத்துக்கு அப்புறம் என்ன செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்பது 2002ஆம் வருட சர்ஃபேசி சட்டத்தின்படி. 90 நாள் தவணை கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடன். அப்புறம் 60 நாள் கெடு கொடுத்து 13(2) நோட்டீஸ். அதற்கு நாம் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளில் பதில் தர வேண்டும். கெடு முடிந்ததும் கதவில் நோட்டீஸ் ஒட்டிக் காகிதத்தில் சுவாதீனம். கலெக்டர் அல்லது மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி வந்து பூட்டுப் போடுவது நிஜ சுவாதீனம். அப்புறம் ஏலம். முதல் ஏலத்துக்கு 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதில் போகாமல் மறுபடி விட்டால் 15 நாள் போதும். பாக்கி முழுதும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைக்கும்தான். 2016 திருத்தம் அப்படி ஆக்கியது, 2023இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இந்தக் கடைசி வரி தெரியாததால் எனக்கு 25,000 ரூபாய் நஷ்டம். பேப்பரில் ஏல விளம்பரம் வந்த மறுநாளே ஒருத்தர் பட்டறைக்கு வந்தார். "ஹெட் ஆபீஸ்ல ஆள் இருக்குங்க, ஏலத்தை நிறுத்திடலாம்" என்றார். ஒன்றரை லட்சம் கேட்டார், முன்பணமாக 25,000 கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். விளம்பரத்தைப் பார்த்துத் தேடி வருகிறவர்கள் இவர்கள். உங்கள் பெயர், வீட்டு விலாசம், பாக்கித்தொகை எல்லாம் அந்த விளம்பரத்திலேயே அச்சாகிவிடுகிறது.

சரி, ஏலத்துக்கு அப்புறம்.

எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது விலாசத்தை மாற்றுவது. சின்ன வேலை, ஆனால் இதை விட்டவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கும். கம்பெனியின் நோட்டீஸ், வக்கீல் நோட்டீஸ், வருமான வரி தபால் எல்லாம் அந்தப் பூட்டின கதவுக்கே போகும். ஆள் இல்லை என்று திரும்பிப் போனாலும், சரியான விலாசத்துக்கு அனுப்பியாயிற்று, ஆகவே உங்களுக்குத் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்வோம் என்று வாதாட அவர்களுக்கு வழி இருக்கிறது. புது வாடகை வீட்டு விலாசத்தைக் கடன் எண்ணோடு எழுதிக் கம்பெனியின் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்புங்கள். 2025இல் பழைய பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று கவுன்டரில் கேட்டு வாங்குங்கள். பழைய ஏரியா தபால் ஆபீஸிலும் தபால்களைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிட எழுதிக் கொடுக்கலாம். எங்கள் தபால்காரர் எழுதிக் கொடுக்காமலே பட்டறைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லா ஊரிலும் அப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று நம்ப வேண்டாம்.

வீட்டுக்குள் சாமான் மாட்டிக்கொண்டிருந்தால் அது அடுத்தது. அடமானம் வைத்தது கட்டடமும் நிலமும்தான், பீரோவும் மிக்சியும் இல்லை. பூட்டுப் போடும்போது உள்ளே இருப்பதைப் பட்டியல் எழுதிப் பஞ்சநாமா, அதாவது சாட்சிக் கையெழுத்தோடு ஒரு பதிவு, போடுவார்கள். அதன் நகலை அன்றைக்கே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. கடைசி நிமிடம் வரைக்கும் பூட்ட மாட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். மகளின் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் பீரோவுக்குள் போய்விட்டது. போனில் பதினைந்து தடவை கெஞ்சியும் நடக்கவில்லை. "அடமானத்தில் சேராத எங்கள் பொருட்களை எடுக்கத் தேதி தருக" என்று ஒரு பக்கம் எழுதி மெயிலிலும் தபாலிலும் அனுப்பினேன். அனுப்பிய 19ஆவது நாள் ஒருவர் சாவியோடு வந்து நின்றார். அதிலிருந்து நான் அவர்களோடு போனில் பேசுவதையே விட்டுவிட்டேன். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

இனிக் கணக்கு. இதில்தான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும்.

ஏலப்பணத்தை எந்த வரிசையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தின் 13(7) சொல்கிறது. முதலில் சுவாதீனம், விற்பனைச் செலவுகள். அடுத்து கடன் பாக்கி. மிச்சம் இருந்தால் அது உரியவருக்கு, அதாவது பெரும்பாலும் நமக்கு. மிச்சம் இருக்கிறது என்று அவர்களாக வந்து சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள், கேட்க வேண்டும். என்னைப் போலக் குறைவு என்று வந்தால், அந்தக் குறைவு எப்படி வந்தது என்று வரி வரியாகக் கேட்க வேண்டும். நான் எழுதிய கடிதம் இவ்வளவுதான்:

"என் கடன் கணக்கின் தொடக்கம் முதல் இன்று வரையிலான முழு கணக்கு விவரம், அபராத வட்டி கணக்கிட்ட முறை, என் கணக்கில் ஏற்றிய ஒவ்வொரு செலவுக்குமான பில், மதிப்பீட்டாளர் அறிக்கை, ஏல அறிவிப்பு வெளியான இரண்டு செய்தித்தாள்களின் நகல், விற்பனைச் சான்றிதழின் நகல், ஏலத்தொகையை வரவு வைத்த தேதி ஆகியவற்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இவை கிடைக்கும் வரை தாங்கள் கூறும் குறைவுத் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை."

கடைசி வாக்கியம் முக்கியம். கணக்குப் பார்க்காமல் "கொஞ்சம் டைம் கொடுங்க, கட்டிடறேன்" என்று எழுதிக் கொடுத்தால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

ஒரு மாதம் கழித்து 14 பக்கக் கணக்கு வந்தது. மனைவி படிக்க, நான் நோட்டில் எழுத, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். ஒரு வரி: காவலாளி செலவு, இரண்டு பேர், மாதம் தலைக்கு 20,000, ஐந்து மாதம், மொத்தம் 2,00,000. மார்ச்சில் பூட்டியதிலிருந்து ஏலம் வரைக்கும் வீட்டைக் காவல் காத்தார்களாம். எதிர்வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். முருங்கைக்காய் பறிக்க வாரம் ரெண்டு தடவை எங்கள் காம்பவுண்டு மேல் கொக்கி போடுகிறவர் அவர். "காவக்காரனா? ஒரு நாய்கூட வந்து படுக்கலைங் தம்பி" என்றார்.

அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். காவலாளிகளின் வருகைப் பதிவேடு, ஏஜென்சியின் ஜிஎஸ்டி பில், அந்த ஏஜென்சிக்குப் பணம் கொடுத்த வங்கி விவரம் மூன்றையும் கேட்டு இரண்டாவது கடிதம் போட்டேன். பதிவேடு வரவில்லை. பில் என்று ஒன்று வந்தது, அதில் வேறு ஊர் விலாசம் இருந்தது.

இன்னொரு வரி அபராத வட்டி. என் ஒப்பந்தத்தில் தாமதமான தவணைத்தொகைக்கு மட்டும் மாதம் 2 சதவீதம் என்று இருந்தது. அவர்கள் சில மாதங்களுக்கு மொத்த அசலுக்கும் போட்டிருந்தார்கள், அபராதத்தின் மேலேயே அபராதமும் போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தின் நகல் உங்களிடம் இல்லை என்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். கடன் வாங்கும்போது 40 பக்கத்தில் கையெழுத்துப் போட்டோமே, அதுதான் இப்போது நமக்கு ஆயுதம். அபராதத்தை வட்டியாகப் போட்டு அசலோடு சேர்க்கக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் வசூலிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. அது 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால் என் கணக்குக்கு உதவவில்லை, உங்களுக்கு உதவலாம்.

ஆறு மாதம் கடிதம் போய் வந்தது. காவலாளி செலவு 2,00,000 தள்ளுபடி. அபராத வட்டியில் 98,000 தள்ளுபடி. மீதி 60,000. அதையும் எதிர்த்திருக்கலாம் என்று வக்கீல் சொன்னார். எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. 2024 பிப்ரவரியில் இரண்டு தவணையாகக் கட்டினேன்.

கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கம்பெனியின் லெட்டர்பேடில் கடிதம். அதில் இந்தத் தொகையோடு கடன் கணக்கு முழுதும் முடிகிறது, கடன்தாரர் மேலும் ஜாமீன்தாரர் மேலும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி இருக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் பணம், அதுவும் கடன் கணக்குக்கு நேராக. வசூலுக்கு வந்த பையன் தன் போன் நம்பருக்கு ஜிபே போடச் சொன்னான். என் பட்டறையில் வேலை செய்யும் பையன் வயதுதான் இருக்கும். கோபப்படவில்லை, போடவும் இல்லை.

ஜாமீன்தாரர் என்றேன் அல்லவா, எனக்கு ராத்திரித் தூக்கம் போனது அங்கேதான். ஜாமீன் கையெழுத்துப் போட்டது என் மச்சான், மனைவியின் தம்பி. பள்ளிக்கூட ஆசிரியர். ஜாமீன் போட்டவரும் கடன் வாங்கியவருக்குச் சமமாகவே பொறுப்பு. வீடு போனபின் குறையும் பணத்துக்கு நேராக அவர் சம்பளத்துக்கும் சொத்துக்கும் வரலாம். குறைவுத் தொகை 20 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போவார்கள், அதற்குக் கீழே சிவில் கோர்ட். ஆனால் பல கம்பெனிகள் ஒப்பந்தத்திலேயே மத்தியஸ்தர் என்று ஒரு பிரிவு வைத்திருக்கும். சென்னையிலோ மும்பையிலோ ஒரு மத்தியஸ்தர் பெயரில் நோட்டீஸ் வரும். வெறும் காகிதம் என்று தூக்கிப் போட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகி, அதை நிறைவேற்றக் கோர்ட்டுக்கு வருவார்கள். எந்த நோட்டீஸுக்கும் பதில் போடாமல் இருக்காதீர்கள். நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் மச்சானுக்குக் கொடுத்தேன். "மாமா, இதெல்லாம் எனக்கெதுக்கு" என்றார். எதற்கும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

காசோலை இன்னொரு பொறி. கடன் வாங்கும்போது தேதி போடாத காசோலை ஐந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏலம் முடிந்து குறைவுத் தொகையை அதில் எழுதி வங்கியில் போட்டுப் பணமில்லை என்று திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் கிரிமினல் வழக்காகலாம். நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்குப் போட வழி திறந்துவிடும், அதனால்தான் விலாசத்தை முதலில் சொன்னேன். உங்கள் பழைய காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையைத் தேடி நம்பர்களை எடுங்கள். தொகை தகராறில் இருக்கிறது, இந்த நம்பர் காசோலைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனிக்கு எழுதுங்கள். வங்கியில் பணம் தராமல் நிறுத்தச் சொல்லியும் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அது மட்டுமே வழக்கைத் தடுத்துவிடாது. தகராறு பற்றி முன்கூட்டியே எழுதிய கடிதம்தான் வக்கீலுக்கு உதவும்.

ஏலமே ஒழுங்காக நடக்கவில்லை என்று தோன்றினால், 30 நாள் நோட்டீஸ் வரவில்லை, தமிழ்ப் பேப்பரில் விளம்பரம் இல்லை, மதிப்பீடு அடிமாட்டு விலை என்றால், போக வேண்டிய இடம் கடன் வசூல் தீர்ப்பாயம். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இருக்கிறது. சர்ஃபேசி சட்டத்தின் 17ஆவது பிரிவில் 45 நாளுக்குள் மனு. சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், இந்த விஷயத்தில் சிவில் கோர்ட்டுக்கு அதே சட்டத்தின் 34ஆவது பிரிவு கதவைச் சாத்தியிருக்கிறது என்பதை ஞாபகம் வையுங்கள். எனக்கு விவரம் புரிந்தபோது 45 நாள் தாண்டியிருந்தது.

வசூல் ஆட்கள் தொல்லைக்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் ராத்திரி 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. மச்சானின் பள்ளிக்கூடத்துக்கே போன் செய்தார்கள். தேதி, மணி, நம்பர் எழுதிக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் புகார், 30 நாளில் பதில் திருப்தியில்லை என்றால் மேலே. வங்கியாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு, காசு செலவில்லாமல் ஆன்லைனிலேயே. என்னுடையது போல வீட்டுக்கடன் கம்பெனியாக இருந்தால் தேசிய வீட்டுவசதி வங்கிக்கு. புகார் போன வாரத்திலேயே போன்கள் நின்றன.

வரி விஷயம் ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும், கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பைசா கையில் வரவில்லை, ஆனாலும் வீடு விற்றது நான்தான். அதனால் மூலதன லாப வரி என் பெயரில். நாமே வைத்த அடமானத்தின் கடனை விற்ற விலையிலிருந்து கழித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2001லேயே சொல்லிவிட்டதாம். அப்போது 30 லட்சமோ அதற்கு மேலோ போன சொத்துப் பரிமாற்றத்தைப் பதிவுத்துறை வருமான வரித்துறைக்குத் தெரிவித்தது, ஆகவே மறைக்கவும் வழியில்லை. 2006இல் நிலம் 4 லட்சம், 2008இல் கட்டடம் 9 லட்சம். பணவீக்கக் குறியீடு போட்டுப் பார்த்ததில் லாபம் 3.9 லட்சம் போல வந்தது. அந்த வருடம் வேறு வருமானம் அதிகமில்லாததால் பெரும்பகுதி அடிப்படை விலக்கிலேயே கழிந்தது, சில ஆயிரம்தான் கட்டினேன். 2024 ஜூலைக்கு அப்புறம் விற்றதற்குக் கணக்கு வேறு. அதற்கு முன்னால் வாங்கிய வீடு என்றால் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதமா, குறியீட்டோடு 20 சதவீதமா, எது குறைவோ அதைப் போட்டுக்கொள்ளலாம். வீடு கட்டிய பில்களைத் தேடி எடுங்கள். எங்கள் செங்கல் பில்கள் மகளின் சான்றிதழோடு அதே பீரோவில்தான் இருந்தன.

கடைசியாக சிபில், அதாவது நாம் கடன் கட்டிய வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம். கணக்கு முடிந்து ஆறு மாதம் கழித்து, வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். இன்னமும் 3,58,000 பாக்கி என்றே நின்றது. முடிவுக் கடிதத்தை இணைத்து ஆன்லைனில் புகார் போட்டேன். 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ஒரு விதி 2024 ஏப்ரலில் வந்திருக்கிறது. 26ஆவது நாள் திருத்திவிட்டார்கள். "செட்டில்டு" (குறைத்துக் கட்டி முடித்தது) என்று போடாமல் "குளோஸ்டு" (முழுதும் முடிந்தது) என்று போட வைத்தேன், இரண்டுக்கும் பின்னால் கடன் கேட்கும்போது வித்தியாசம் இருக்கிறது.

ஐந்து காசோலையில் மூன்று குறுக்கே கோடு போட்டுத் திரும்பி வந்தன. இரண்டு கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மச்சான் வீட்டில் வைத்திருக்கிறேன்.